பழைய பாஸிவ் சப்வூஃபரை புது ரிசீவர்ல மாட்டலாமா?

அடுத்த கேள்வி பாத்துருவோம். ஒரு தம்பி கேட்டிருக்காரு, "அண்ணா, புதுசா 5.1 ஏவி ரிசீவர் வாங்கிட்டேன், பழைய அசெம்பிள் செட்டோட 10 இன்ச் சப்வூஃபர் பாக்ஸ் சும்மா கெடக்கு, ஆனா ரிசீவர்ல சப்புக்கு ஸ்பீக்கர் ஒயர் மாட்ற இடமே இல்ல, ஒரே ஒரு ஆர்சிஏ சாக்கெட் தான் இருக்கு, பேசாம ஃப்ரன்ட் ஸ்பீக்கரோட சேத்து மாட்டிரலாமா"ன்னு.

தயவுசெஞ்சு மாட்டிராதீங்க தம்பி. அந்த ஆர்சிஏல வர்றது வெறும் சிக்னல், ஸ்பீக்கர ஓட்டுற பவர் அதுல கிடையாது, உள்ளயே ஆம்ப் வச்ச ஆக்டிவ் சப் மாட்டுவீங்கன்னு நெனச்சுதான் அப்படி குடுத்திருக்கான். உங்களுது பாஸிவ், அதாவது உள்ள ஆம்ப் கிடையாது. ஃப்ரன்ட்டோட பேரலல் போட்டா, ஃப்ரன்ட் 6 ஓம்ஸ் சப் 4 ஓம்ஸ்னு வைங்க, ரெண்டும் சேந்து 2.4 ஓம்ஸுக்கு எறங்கிரும், ஓம்ஸ் கொறயக் கொறய ரிசீவருக்கு லோடு கூடும், நிறைய ரிசீவர்ல 6 ஓம்ஸுக்கு கீழ போடாதன்னு பின்னாடியே போட்டிருப்பான், வால்யூம ஏத்துன உடனே ப்ரொடெக்‌ஷன் மோடுக்குப் போயி ரிசீவர் தானா ஆஃப் ஆயிரும், அதுவும் காப்பாத்தலன்னா செலவு தான். பேஸ மட்டும் பிரிச்சு சப்புக்கு அனுப்புற ஃபில்டர் வேற இல்லயா, டயலாக்கெல்லாம் சப்ல வந்து கொழகொழன்னு இருக்கும்.

அந்த பழைய அசெம்பிள் செட்டோட ஆம்ப தூக்கிப் போட்டுட்டீங்களா? இருந்துச்சுன்னா வேலை முடிஞ்சுது. அதுக்கு பின்னாடி 5.1 இன்புட்ல 6 ஆர்சிஏ இருக்கும் பாருங்க, அதுல சப் இன்புட்டுக்கு ரிசீவர்ல இருந்து ஒரு நல்ல ஷீல்டு ஒயர் இழுங்க, பாக்ஸ் எப்பவும் போல அந்த ஆம்ப்லயே இருக்கட்டும். ஆம்ப் இல்லன்னா ஒரு மோனோ சப் ஆம்ப் வாங்கித்தான் ஆகணும், வேற வழி இல்ல. ரிசீவர், ஆம்ப் ரெண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல சொருகுங்க, உம்ம்னு ஹம்மிங் வர்றது முக்கால்வாசி இதுலயே நின்னுரும்.

ஆம்ப்ல சப்புக்கு ஃப்ரீக்வன்சி நாப் இருந்தா அதிகபட்ச ஹெர்ட்ஸுக்கு ஃபுல்லா திருப்பி வச்சிருங்க, கட் பண்ற வேலைய ரிசீவர் பாத்துக்கும், அதுல கிராஸோவர், அதாவது எதுக்குக் கீழ உள்ள சத்தம் சப்புக்குப் போகணும்ங்கற செட்டிங், 80 ஹெர்ட்ஸ்ல ஆரம்பிங்க. அப்புறம் சப் ஒயர்ல ப்ளஸ் மைனஸ மாத்தி ஒரு தடவ போட்டுப் பாருங்க, மாத்தும்போது ஆம்ப ஆஃப் பண்ணிருங்க, நீங்க உக்கார்ற எடத்துல எதுல பேஸ் கூட கேக்குதோ அது தான் சரி.

மாட்டுனப்புறம், "படத்துல பேஸ் வருது, பாட்டுல வரல"ன்னு அடுத்த கமெண்ட் போடுவீங்க, அதையும் இப்பவே சொல்லிர்றேன், ரிசீவர்ல ஃப்ரன்ட் ஸ்பீக்கர் செட்டிங் லார்ஜ்ல இருக்கும், அப்ப பாட்டோட பேஸ் ஃப்ரன்ட்டுக்கே போயிரும், ஸ்மால்னு மாத்துங்க, வந்துரும்.