கடைத் தேங்காயும் கட்சி மாநாடும்

(தாராவியில் நம் சிறு வியாபாரிகளின் ஆண்டுக் கூட்டத்தில் பேசியது. வர முடியாதவர்கள் எழுதித் தரச் சொன்னார்கள். பேசிய வரிசை மாறாமல் அப்படியே எழுதியிருக்கிறேன்.)

தலைவர் அண்ணாச்சி அவர்களே, தமிழ் அவ்வளவாகப் புரியாவிட்டாலும் எங்களுக்காக முன்வரிசையில் வந்து உட்கார்ந்திருக்கும் முன்னாள் கார்ப்பரேட்டர் (மாநகராட்சி உறுப்பினர்) அம்மா அவர்களே, மாட்டுங்காவிலிருந்து டாக்ஸி பிடித்து வந்திருக்கும் வழக்கறிஞர் ஐயா அவர்களே, செம்பூரிலிருந்து வந்திருக்கும் பேராசிரியர் அம்மா அவர்களே, வாடகை வாங்காமல் இந்த மண்டபத்தைத் திறந்துவிட்ட பள்ளி நிர்வாகத்தாரே, பின்னால் நின்றுகொண்டிருக்கும் இட்லிக்கடைத் தம்பிமாரே, பூக்கட்டும் அக்காமாரே, தையல் பட்டறைத் தோழர்களே, எல்லோருக்கும் வணக்கம். யாரையாவது விட்டிருந்தால் நடுவில் சொல்லிவிடுகிறேன். போன வருஷம் பொருளாளர் பெயரை விட்டதற்கு அவர் என்னோடு தீபாவளி வரைக்கும் பேசவில்லை.

எனக்குக் கொடுத்த தலைப்பு, பெரிய அரசியல் மாநாடு நடந்தால் ஒரு நகரத்துக்கும் அதன் வியாபாரத்துக்கும் என்ன ஆகிறது என்பது. மூன்று விஷயம் பேசுவதாக உத்தேசம். மாநாட்டால் யாருக்கு வரவு, யாருக்குச் செலவு, மறுநாள் காலையில் மைதானத்தில் கிடக்கிற குப்பை யார் தலையில். இந்த மூன்றுக்கும் சேர்த்து நம் பெரியவர்கள் ஒரே வரியில் பதில் சொல்லிவிட்டார்கள்: கடைத் தேங்காயை எடுத்து வழிப் பிள்ளையாருக்கு உடைக்கிறது. உடைத்தவருக்குப் புண்ணியம், பிள்ளையாருக்குத் தேங்காய், கடைக்காரனுக்கு நாராவது மிச்சமா என்று யாரும் கேட்பதில்லை. இன்றைக்கு இதைப் பல தடவை சொல்லுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாநாடு நடத்துவதில் நம் மும்பைக்குப் பழைய கை. இந்திய தேசிய காங்கிரஸின் முதல் கூட்டம் 1885 டிசம்பர் 28 அன்று இங்கேதான், கோவாலியா டேங்க் பக்கத்தில் கோகுல்தாஸ் தேஜ்பால் சம்ஸ்கிருதக் கல்லூரியில் கூடியது. முதலில் புனாவில்தான் நடப்பதாக இருந்தது. அங்கே காலரா பரவியதால் கடைசி நேரத்தில் பம்பாய்க்கு மாற்றினார்கள். வந்த பிரதிநிதிகள் 72 பேர். அந்தச் சபையில் முதல் தீர்மானத்தைக் கொண்டுவந்தவர் யார் தெரியுமா? நம்ம ஆள், சுதேசமித்திரன் ஆசிரியர் ஜி. சுப்பிரமணிய ஐயர். கைதட்டுங்கள், இதற்கெல்லாம் தட்டாமல் எதற்குத் தட்டப்போகிறீர்கள்? 72 பேர் வந்து போனதில் ஊருக்கு ஒரு சேதாரமும் இருந்திருக்காது, ஒரு கல்லூரிக் கூடத்திலேயே அடங்கிவிட்டார்கள். இரண்டு வருஷம் கழித்து 1887-ல் சென்னையில் மக்கீஸ் தோட்டத்தில் கூடியபோது கூட்டம் பெருத்துவிட்டது. அதற்குச் சாதாரண ஜனங்கள் ஓரணாவிலிருந்து சந்தா கொடுத்தார்கள். அதைக் கவனியுங்கள். அந்தக் காலத்தில் மாநாட்டுக்குத் தேங்காய் வாங்க ஜனங்கள் அவரவர் மடியிலிருந்து காசு எடுத்தார்கள், அடுத்தவன் கடையில் கை வைக்கவில்லை.

சரி, இப்போதைய கதைக்கு வருகிறேன். 2022 விஜயதசமி, அக்டோபர் 5. ஒரே மாலையில் இந்த ஊரில் இரண்டு தசரா மாநாடு, ஒன்று சிவாஜி பார்க்கில், இன்னொன்று மிட்டி ஆற்றுக்கு அந்தப் பக்கம் பி.கே.சி. என்கிற பாந்த்ரா-குர்லா வளாகத்து மைதானத்தில். வெளியூரிலிருந்து நூற்றுக்கணக்கில் எஸ்.டி. பஸ்கள், அதாவது அரசு பஸ்கள், ஆளை ஏற்றிக்கொண்டு வந்தன. இரண்டு மைதானத்துக்கும் நடுவில் யார்? நாம்தான். எந்தக் கட்சி சரி, எந்தக் கட்சி தப்பு என்று பேச நான் வரவில்லை, மேடையில் எல்லாக் கட்சி நண்பர்களும் இருக்கிறார்கள், எனக்கு வீட்டுக்குப் பத்திரமாகப் போக வேண்டும்.

வரவு என்று பார்த்தால் இல்லாமல் இல்லை. பந்தல் போடுகிறவர், ஜெனரேட்டர் வாடகைக்கு விடுகிறவர், பெரிய திரை கட்டுகிறவர், பேனர் அடிக்கிறவர், தாதர் மார்க்கெட்டில் மாலை கட்டுகிறவர், கொடியும் தொப்பியும் துண்டும் தைக்கிற நம் பட்டறைக்காரர், எல்லோருக்கும் அந்த வாரம் தூக்கம் இருக்காது. மைதானத்து வாசலில் வடாபாவும் தண்ணீர் பாட்டிலும் விற்கிறவருக்கும் நல்ல நாள்தான். தலைவர்கள் தங்குகிற நட்சத்திர ஓட்டல்களைச் சொல்லவே வேண்டாம். 2023 ஆகஸ்ட் 31-ம் செப்டம்பர் 1-ம் இந்தியா கூட்டணிக் கட்சிகள் சாந்தாக்ரூஸ் பக்கம் ஒரு பெரிய ஓட்டலில் கூடின, அதற்கு முந்தின ஜூலையில் பெங்களூரில் கூடின. அந்த மாதிரி நாட்களில் அறை, சாப்பாடு, கார் என்று எல்லாம் பில்லோடு நடக்கும். பில் இருப்பதால்தான் நகரத்துக்கு இவ்வளவு கோடி லாபம் என்று மறுநாள் பத்திரிகையில் யாராவது கூட்டிச் சொல்ல முடிகிறது.

இந்தக் கூட்டல் எவ்வளவு தூரம் உண்மை என்று அமெரிக்காக்காரன் கணக்குப் பார்த்திருக்கிறான். அங்கே ஜனாதிபதி வேட்பாளரை அறிவிக்கக் கட்சிகள் நான்கு வருஷத்துக்கு ஒருமுறை ஏதாவது ஒரு நகரத்தில் கூடும். எங்கள் ஊருக்கு வா, எங்கள் ஊருக்கு வா என்று நகரங்களுக்குள் போட்டியே நடக்கும். 2004-ல் பாஸ்டனில் ஜனநாயகக் கட்சி கூடியபோது ஊருக்கு நடுவே போகிற பெரிய நெடுஞ்சாலையைச் சாயங்காலமானால் மூடினார்கள், மாநாட்டு அரங்கத்துக்குக் கீழே இருந்த ரயில் நிலையத்தையும் பூட்டிவிட்டார்கள். உள்ளூர்க்காரர்கள் நமக்கெதற்கு வம்பு என்று ஊரைவிட்டே கிளம்பிப் போனார்கள், வழக்கமாக வருகிற வாடிக்கையாளரும் இல்லை. பொருளாதாரப் பேராசிரியர்கள் சிலர் 1970-லிருந்து 2005 வரைக்கும் உள்ள புள்ளிவிவரத்தை வைத்து 18 மாநாடுகளை ஆராய்ந்தார்கள். நடத்திய ஊர்களில் வேலையோ வருமானமோ குறிப்பிட்டுச் சொல்லும்படி கூடவில்லை என்று முடிவுக்கு வந்தார்கள். புதிதாக வந்தவன் செலவழித்தது ஒரு பக்கம், பயந்து வராமல் போனவன் செலவழிக்காதது இன்னொரு பக்கம், இரண்டுக்கும் சரியாய்ப் போய்விட்டது. 2024-ல் மில்வாக்கியிலும் சிகாகோவிலும் நடந்தபோது பாதுகாப்புச் செலவுக்கென்று மத்திய அரசு ஒவ்வொரு ஊருக்கும் ஏழரைக் கோடி டாலர் கொடுத்தது. மில்வாக்கியில் சாப்பாட்டுக் கடைக்காரர்கள் பலர், மேசை எல்லாம் போட்டுவிட்டு ஈ ஓட்டினோம் என்று புலம்பினார்கள். அங்கேயும் கடைத் தேங்காய்தான் போலிருக்கிறது, பிள்ளையார் மட்டும் வேறு.

இப்போது நம்ம இட்லி அண்ணாச்சி கதை. 90 அடி ரோட்டில் பாதிப் பேருக்கு இது தெரியும். தெரிந்தவர்கள் முடிவைச் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டு இருங்கள்.

ஒரு கட்சி, பெயர் வேண்டாம். ஒரு மாநாடு, மைதானமும் வேண்டாம். வட்டாரப் பொறுப்பாளர் ஒருவர் அண்ணாச்சியிடம் வந்து, ஆறாயிரம் இட்லி, மூவாயிரம் வடை, சாம்பார், சட்னி, காலை ஏழு மணிக்கு மைதானத்தில் இருக்க வேண்டும் என்கிறார். அண்ணாச்சி ஒரு நாளும் அவ்வளவு அவித்ததில்லை. அட்வான்ஸ் ஐயாயிரம் ரூபாயை வாங்கிப் பையில் வைத்ததும் மனுஷனுக்குத் தைரியம் வந்துவிட்டது. பக்கத்து நாலு வீட்டைச் சேர்த்துக்கொண்டார், கிரைண்டர் இரவல் வாங்கினார், அத்தாச்சி தன் தங்கச்சியைக் கோலிவாடாவிலிருந்து வரவழைத்தார், ராத்திரி பத்து மணிக்கு அடுப்பு பற்ற வைத்தால் விடிய விடிய அந்தச் சந்து முழுக்க ஆவி. ஐந்து மணிக்கு டெம்போ கிளம்பிவிட்டது. மைதானத்துக்கு ஒரு கிலோமீட்டர் இருக்கும்போது நாக்காவில், அதாவது ரோட்டு முக்கில், பேரிகேட். ஹவில்தார் கேட்கிறார், பாஸ் எங்கே? பாஸ் பொறுப்பாளர் கையில். பொறுப்பாளர் எங்கே? மேடைப் பக்கத்தில். போன் அடித்தால் அணைத்து வைத்திருக்கிறார், தலைவர் வருகிறார் இல்லையா! அண்ணாச்சி கெஞ்சுகிறார், உள்ளே இட்லிதான் இருக்கிறது, வேண்டுமானால் திறந்து பாருங்கள். ஹவில்தார் திறந்து பார்த்தார். அதுதான் தப்பாகப் போயிற்று. முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து நின்றுகொண்டிருக்கிற மனுஷன், அவருக்கு யாரும் டீகூடக் கொடுக்கவில்லை. ‘அண்ணா, ஏக் பிளேட் மிலேகா க்யா?’, ஒரு பிளேட் கிடைக்குமா என்றார் பாவம், மெதுவாக. அண்ணாச்சி கொடுத்தார். அடுத்தவர் வந்தார். அப்புறம் அந்த நாக்கா பூராவும் வரிசையில் நின்றது, வெளி மாவட்டத்திலிருந்து பந்தோபஸ்துக்கு வந்த பையன்கள், பெண் போலீஸ், வெயில் ஏற ஏற மினிபஸ்ஸில் வந்து இறங்கின இன்னொரு பட்டாளம். கடைசியாக இன்ஸ்பெக்டர் வந்து, இது என்ன கூட்டம் என்று அதட்டிவிட்டு, நாலு வடை சாப்பிட்டுவிட்டு, பேரிகேட்டை நகர்த்தி வண்டியை விடச் சொன்னார். அப்போது மணி பதினொன்றரை. மைதானத்தில் எல்லோருக்கும் பூரிபாஜி பொட்டலம் கொடுத்து முடித்துவிட்டார்கள்.

சரி, பணம்? மறுநாள் அண்ணாச்சி கட்சி அலுவலகத்துக்குப் போனால், ஆர்டர் கொடுத்தவர் வந்து கையெழுத்துப் போடட்டும் என்றார்கள். ஆர்டர் கொடுத்தவர் அதற்குள் கட்சி மாறிவிட்டார். புதுக் கட்சி அலுவலகத்துக்குப் போனால், அது அந்தக் கட்சி மாநாடு, எங்களிடம் ஏன் வருகிறாய் என்றார்கள். அதுவும் நியாயம்தானே! அடுத்த வருஷம் புதுக் கட்சி மாநாடு. அதே பொறுப்பாளர், அதே சிரிப்பு, அண்ணாச்சி வீட்டு வாசலில் வந்து நிற்கிறார், இந்தத் தடவை எட்டாயிரம் இட்லி. பழைய பாக்கி என்ன ஆயிற்று தம்பி என்று அண்ணாச்சி கேட்க, பொறுப்பாளர் சொன்னாராம்: அது வேற கட்சி அண்ணாச்சி.

(இந்த இடத்தில் மாட்டுங்கா தமிழாசிரியர் ஐயா உள்ளே வந்தார். அவருக்கு நாற்காலி போட்டு, பொன்னாடை போர்த்தி, அவர் உடல்நலம் விசாரித்து முடிய ஐந்து நிமிடம் ஆனது. அதை எழுதவில்லை.)

ஐயா வந்ததால் எங்கே விட்டேன் என்று மறந்துவிட்டது. ஆமாம், செலவு. அண்ணாச்சிக்காவது சொல்ல ஒரு கதை இருக்கிறது. அன்றைக்கு சைக்கிளில் ஹாரன் அடித்துக்கொண்டு இட்லி விற்கப் போகிற நம் பையன்களை எந்த ரோட்டிலும் விடவில்லை. வி.ஐ.பி. வருகிறார் என்று முந்தின ராத்திரியே நடைபாதையைக் காலி செய்துவிட்டார்கள். முன்சிபாலிட்டி வண்டி வந்து தட்டு, அடுப்பு, குடை எல்லாம் அள்ளிப்போட்டுக்கொண்டு போயிற்று. இந்த நஷ்டம் எந்தக் கோடிக் கணக்கிலாவது வருமா? வராது, ஏனென்றால் நம்மிடம் காகிதம் இல்லை. ஓட்டலிடம் பில் இருக்கிறது, நம்மிடம் கரி படிந்த சட்டிதான் இருக்கிறது.

நான் இத்தனை வருஷமாகக் கத்திக்கொண்டிருப்பது இதற்குத்தான், தலைவர் சிரிக்கிறார், எங்கே போனாலும் இவன் இதில்தான் வந்து முடிப்பான் என்று அவருக்குத் தெரியும். தெருவோர வியாபாரிகள் சட்டம் 2014-ல் வந்தாயிற்று. கணக்கெடுத்து, நமக்கு விற்பனைச் சான்றிதழ் கொடுக்க வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். நகர விற்பனைக் குழுவில் நூற்றுக்கு நாற்பது பேராவது நம்மால் தேர்ந்தெடுக்கப்பட்ட வியாபாரிகளாக இருக்க வேண்டும், அதில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். நம்மை அப்புறப்படுத்துவது என்றால் முப்பது நாள் முன்னதாக நோட்டீஸ். எடுத்துக்கொண்டு போன சரக்கு கெட்டுப்போகிற சரக்காக இருந்தால், நாம் கேட்ட அன்றைக்கே திருப்பித் தர வேண்டும், மற்றது இரண்டு வேலை நாளில். இட்லி கெட்டுப்போகிற சரக்கா இல்லையா? வழக்கறிஞர் ஐயா தலையாட்டுகிறார். எழுதிக்கொள்ளுங்கள், ஐயா சாட்சி.

மாநாடே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2018 மார்ச்சில் நாசிக்கிலிருந்து நடந்தே வந்த விவசாயிகள் பக்கத்தில் சயான் சோமையா மைதானத்தில் தங்கினார்கள். மறுநாள் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குப் பொதுப்பரீட்சை என்று தெரிந்ததும், ராத்திரியோடு ராத்திரியாக எழுந்து ஆசாத் மைதானத்துக்கு நடந்தே போய்ச் சேர்ந்தார்கள். காலெல்லாம் வெடித்திருந்தது. வழியெல்லாம் ஜனங்கள் தண்ணீரும் பிஸ்கட்டும் செருப்பும் கொடுத்தார்கள். அவர்கள் யார் கடைத் தேங்காயையும் எடுக்கவில்லை, ஊர்தான் தானாக எடுத்துக் கொடுத்தது. ஊரை இப்படி மதித்தால் எந்தக் கட்சிக்கும் நாமே பந்தல் போட்டுத் தருவோமே!

என் கோரிக்கை சின்னது. மைதானத்துக்கு அனுமதி கேட்கும்போது டெபாசிட் வாங்குகிறார்கள். அன்றைக்கு எந்தெந்த ரோட்டை மூடுகிறார்களோ அந்த ரோட்டுச் சான்றிதழ்க்காரர்களின் ஒரு நாள் வரும்படியையும் அதோடு கட்டிவிட்டுத்தான் மேடை போட வேண்டும். தேங்காய் உடைக்கட்டும், காசைக் கடையில் வைத்துவிட்டு உடைக்கட்டும். சான்றிதழே இல்லாதவருக்கு அதையும் கேட்க வழியில்லை, அதனால் முதலில் சான்றிதழ். கார்ப்பரேட்டர் அம்மா அவர்களுக்கு இதை மராத்தியில் எழுதி, நம் கையெழுத்தோடு இன்றைக்கே கொடுக்கிறோம்.

தலைவர் சீட்டு அனுப்பிவிட்டார், நேரம் முடிந்ததாம். குப்பை விஷயத்தைத் தொடவே இல்லை, அடுத்த கூட்டத்தில் பேராசிரியர் அம்மா பேசட்டும், அவர்கள் அதற்குப் படித்தவர்கள். வாசல் பக்கம் மேசையில் நீள நோட்டு ஒன்று இருக்கிறது. மாநாட்டுக்காகவோ வி.ஐ.பி. வருகைக்காகவோ உங்கள் கடையை எந்தத் தேதியில் மூடச் சொன்னார்கள், யார் வந்து சொன்னார்கள், என்ன சரக்கு வீணானது, என்ன விலை, எல்லாம் எழுதுங்கள். எழுத வராதவர்களுக்குப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேர் அங்கே உட்கார்ந்திருக்கிறார்கள், வாயால் சொன்னால் போதும். இட்லி அண்ணாச்சி, நீங்கள் முதல் பக்கத்தில் எழுதுங்கள், இரண்டு கட்சிப் பெயரையும் போட்டு எழுதுங்கள்.