மரம் நடக் காசு உண்டு, தண்ணீர் ஊற்ற?

நேயர்களுக்கு வணக்கம். யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் விவசாயப் போதனாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஊரார் சேர்ந்து நடத்தும் தோட்டங்களுக்குக் கிடைக்கும் சிறு நிதியுதவி பற்றிப் பேசும்படி வானொலி நிலையத்தார் கேட்டிருக்கிறார்கள். ஒரு குறையைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

சனசமூக நிலையத்துக் காணியில் கத்தரியும் பயிற்றையும் போடுவது, குளக்கட்டில் மருது நடுவது, பள்ளிக்கூட வளவில் மூலிகை வளர்ப்பது, இவற்றுக்கெல்லாம் ஆள் கிடைக்கிறது. மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தினரைக் கேட்டால் மண்வெட்டியோடு வந்து நிற்பார்கள். இல்லாதது காசுதான். அதுவும் பெரிய காசு அல்ல. சுற்றாடல் வேலைகளுக்கு நிதி கொடுக்கும் சர்வதேச அமைப்பான உலகச் சுற்றாடல் வசதியத்தின் (GEF) சிறு மானியத் திட்டம் என்று ஒன்று 1992 முதல் பல நாடுகளில் நடந்து வருகிறது. இலங்கையிலும் இருக்கிறது. ஒரு திட்டத்துக்கு 50,000 அமெரிக்க டாலர் என்பது அதன் உச்ச வரம்பாக நெடுங்காலம் இருந்தது. நமது ஊர்த் தோட்டம் ஒன்றுக்கு அதில் நூறில் ஒரு பங்கு கிடைத்தாலே வேலையைத் தொடங்கிவிடலாம். அந்த அளவு தொகையைப் பிரதேச சபையிடம் கேட்கலாம். வெளிநாட்டில் உள்ள ஊர்ச் சங்கமோ பழைய மாணவர் சங்கமோ கூடக் கொடுக்கும்.

கொடுக்கிறார்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் எதற்குக் கொடுக்கிறார்கள்? நடுவதற்கு. கன்று வாங்க, குழி வெட்ட, பெயர்ப்பலகை எழுத, வந்தவர்களுக்குத் தேநீர் கொடுக்க. கார்த்திகை வட மாகாணத்தின் மரநடுகை மாதம். அது சரியான மாதம்தான். நமக்கு மழையின் பெரும்பகுதி ஐப்பசிக்கும் மார்கழிக்கும் இடையில்தான் பெய்கிறது. ஆனால் அரசாங்கக் கணக்கு ஆண்டு டிசம்பர் 31 இல் முடிகிறது. விண்ணப்பக் கோப்பு மேசை மேசையாக ஏறி இறங்கிக் காசு கைக்கு வரும்போது மார்கழி பாதி போய்விடும். ஆண்டு முடிவதற்குள் செலவழித்துப் பற்றுச்சீட்டும் கொடுக்க வேண்டும். அவசரமாக நடுவார்கள். தையில் மழை விடும். மாசி, பங்குனி, சித்திரை வெயிலில் கன்றுக்கு யார் தண்ணீர் ஊற்றுவது? யாழ்ப்பாணத்தில் வற்றாத ஆறு கிடையாது. இருக்கிற வழுக்கையாறும் மாரியில் மட்டும் ஓடுவது. வெயிலுக்குத் தப்பிய கன்றைக் கட்டாக்காலி மாடு கடிக்கும். பெயர்ப்பலகையை மட்டும் மாடு தின்பதில்லை.

ஆகவே விண்ணப்பம் எழுதுகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். கேட்கும் தொகையில் பாதியை வேலிக்கும் தண்ணீருக்கும் ஒதுக்குங்கள். இரண்டு கோடைக்குத் தண்ணீர் ஊற்ற ஊரில் ஒருவருக்குச் சிறு கொடுப்பனவு எழுதுங்கள். தொண்டர் வேலைக்குச் சம்பளமா என்று நிதி கொடுப்பவர் கேட்பார். கேட்கட்டும். நடுகிற நாளில் நாற்பது பேர் வருவது தொண்டு. ஆனி மாதத்துக் காற்றில், மற்றவர்கள் எல்லாம் வீட்டில் இருக்க, ஒருவர் மட்டும் நாளாந்தம் வாளி சுமப்பதையும் தொண்டு என்று சொல்லி ஏமாற்றக் கூடாது.

வேலி என்றதும் முள்ளுக்கம்பிக்கு விலை கேட்டு ஓட வேண்டாம். மழைக்கு முன் கிளுவை, சீமைக்கிளுவை, பூவரசு என்று கதியால் (நட்டால் துளிர்க்கும் தடி) போட்டால் அதுவே வேலி. இடைவெளிக்கு முதல் வருடம் மட்டும் பனைமட்டை கட்டினால் போதும். வெட்டுகிற குழையை மண்ணுக்குத் தாழ்க்கலாம். பசளைக் கடைக்குப் போகும் செலவு குறையும். நமது நிலத்துக்குக் கீழே இருப்பது சுண்ணாம்புக்கல். மேலே அளவுக்கு மிஞ்சிப் போடும் யூரியா மழையோடு இறங்கிக் கிணற்றுக்குப் போய்விடும். வலிகாமத்துக் கிணறுகளில் நைத்திரேற்று கூடியிருப்பது ஆய்வாளர்கள் பலகாலமாகச் சொல்லி வருவது. ஊர் குடிக்கும் தண்ணீரை ஊர்த் தோட்டமே கெடுத்தால் பிறகு எதற்குத் தோட்டம்?

குழாய்க்கிணறு வேண்டும் என்ற வரியை எந்த விண்ணப்பத்தில் கண்டாலும் நான் வெட்டிவிடுவேன். சிலருக்குக் கோபம் வரும். குடாநாட்டில் நன்னீர், உவர்நீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. மோட்டார் போட்டு அளவின்றி இறைத்தால் கீழே இருக்கும் உப்பு மேலே வரும். பக்கத்து வளவுக் கிணறும் கெடும். அந்தக் காசில் ஊர்க் குளத்தைத் தூர்வாருங்கள், மழைநீர்த் தொட்டி கட்டுங்கள், கன்றின் அடியில் சருகு போட்டு மூடுங்கள்.

காணி விடயத்தில் மட்டும் வாய்ப்பேச்சை நம்ப வேண்டாம். கோயில் காணியானாலும் கனடாவில் இருப்பவரின் வளவானாலும் ஐந்து வருடத்துக்கு என்று எழுத்தில் வாங்குங்கள். நிதி கொடுப்பவரும் அதைக் கேட்பார். நாளைக்குச் சொந்தக்காரரின் மகன் வந்தாலும் உதவும்.

இவ்வளவும் சொன்ன பிறகு, காசே வேண்டாத ஒரு வேலையும் இருக்கிறது. ஆவணி, புரட்டாதியில் பனம்பழம் விழும். போரில் பனை அழிந்துபோன கரையோரங்கள் இன்னும் வெறுமையாகக் கிடக்கின்றன. பழம் பிசைந்து எடுத்த விதைகளை மாரிக்கு முன் அங்கே புதைத்துவிட்டால் பனைக்குத் தண்ணீர் ஊற்றவும் வேண்டாம், மாட்டுக்குப் பெரிதாகப் பயப்படவும் வேண்டாம். நிதி கிடைக்கவில்லை என்று கூட்டத்தைத் தள்ளிப்போடும் சங்கங்கள், நிதி வரும் வரைக்கும் இதையாவது செய்யலாம். விதை பொறுக்கச் சாக்கு மட்டும் கொண்டு வாருங்கள். நன்றி, வணக்கம்.