இன்னும் எத்தனை பூவுக்கு உழும்?

நேயர்களுக்கு வணக்கம்.

திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் பதினெட்டு வருடமாக லேப்டாப் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். வருகிறவர்கள் பையைத் திறந்து லேப்டாப்பை மேசையில் வைத்த கையோடு கேட்பது ஒரே கேள்விதான். "அண்ணாச்சி, இதுக்குச் செலவு பண்ணலாமா, இல்ல புதுசு எடுத்துரலாமா?" அதைப் பற்றிப் பேச நிலையத்தார் கூப்பிட்டார்கள். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழுது பார்த்தால்தான் எனக்கு வரும்படி. என் பேச்சு அந்தப் பக்கம் கொஞ்சம் சாயலாம். அதைக் கழித்துக்கொண்டு கேளுங்கள்.

எங்கள் அப்பா கல்லிடைக்குறிச்சிப் பக்கம் விவசாயம் பார்த்தவர். தாமிரபரணிக் கால்வாய்ப் பாசனம். கார், பிசானம் என்று வருடத்துக்கு இரண்டு பூ, அதாவது இரண்டு போகம். உழவு மாடு தளர்ந்து போனால் மாற்றுவதா வைத்துக்கொள்வதா என்ற பேச்சு வீட்டில் வரும். மாட்டுக்கு என்ன வயசு என்று அப்பா கேட்டு நான் பார்த்ததில்லை. "இன்னும் எத்தனை பூவுக்கு உழும்?" என்பார். வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார், குளம்பைத் தூக்கிப் பார்ப்பார், தொழுவத்தைச் சுற்றி ஒரு நடை நடக்க விடுவார். அதற்குப் பிறகுதான் முடிவு. என் தொழிலில் நான் கற்றது எல்லாம் அந்தத் தொழுவத்தில் கற்றதுதான் என்று இப்போது தோன்றுகிறது. நாலு வயசு லேப்டாப் சாகக் கிடக்கும். பத்து வயசு லேப்டாப் முனகாமல் ஓடும்.

போன வருடம் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் வந்தார். "இன்டர்நெட் செத்துப்போச்சு, எந்தப் பக்கமும் திறக்க மாட்டேங்குது" என்றார். பென்ஷன் விவரம் பார்க்க முடியவில்லை, மெயில் திறக்கவில்லை. பேரன் புது லேப்டாப்பைப் பார்த்து விலையும் பேசி வைத்திருந்தான். நான் திறந்து பார்த்தேன். திரையின் மூலையில் தேதி 2012 ஜனவரி என்று இருந்தது. "சார்வாள், தேதியைப் பாத்தீங்களா?" என்றேன். அவர் பார்த்திருக்கிறார், திருத்தியும் இருக்கிறார். அணைத்துப் போட்டால் மறுநாள் பழையபடி 2012.

உள்ளே கடிகாரத்துக்கென்று காசு மாதிரி ஒரு சின்ன பேட்டரி இருக்கும். அது தீர்ந்துவிட்டது. பெரிய பேட்டரியும் செத்திருந்ததால் சார்ஜரைப் பிடுங்கினால் கடிகாரத்துக்கு உயிர் இல்லை. இணையதளம் ஒவ்வொன்றுக்கும் இந்தத் தேதியில் இருந்து இந்தத் தேதி வரை செல்லும் என்று ஒரு சான்றிதழ் உண்டு. லேப்டாப் 2012-ல் நின்றுகொண்டு பார்த்தால் அந்தச் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை. அதனால் திறக்க மறுக்கிறது. நூறு ரூபாய்க்குள் முடிந்த வேலை. சார்வாள் ஒரு காபி குடித்துவிட்டு எடுத்துக்கொண்டு போனார். பேரன் முகம்தான் வாடிப்போயிற்று.

இப்படி எல்லாம் நூறு ரூபாயில் முடியாது. அதிகமாக வருவது "ரொம்ப ஸ்லோ" என்ற புகார். அப்போது நீங்களே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. இழுத்துக்கொண்டு நிற்கும் நேரத்தில் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் டிஸ்க் நூறு சதவீதத்தில் நிற்கிறதா, மெமரி நிரம்பிக் கிடக்கிறதா, சிபியு என்கிற பிராசசர் நூறில் நிற்கிறதா என்று பாருங்கள்.

டிஸ்க் என்றால் பெரும்பாலும் நல்ல செய்தி. பழைய லேப்டாப்பில் இருப்பது சுழலும் ஹார்ட் டிஸ்க். நிமிடத்துக்கு 5,400 சுற்றுச் சுற்றும் தட்டு, அதன் மேல் அங்கும் இங்கும் ஓடித் தேடும் ஒரு முள். பத்து வேலையைச் சேர்த்துக் கொடுத்தால் அந்த முள் ஓடி ஓடியே களைத்துவிடும். அதை எடுத்துவிட்டு, சிப்பிலேயே எல்லாவற்றையும் சேமிக்கிற எஸ்.எஸ்.டி. போட்டால் சுற்றவோ ஓடவோ ஒன்றும் கிடையாது. நாலு நிமிடம் விழித்துக்கொண்டு நின்ற லேப்டாப் அரை நிமிடத்தில் எழுந்துவிடும். மெமரி என்றால் ராம் கூட்டலாம், கூட்ட இடம் இருந்தால். சிபியு என்றால்தான் கையை விரிக்க வேண்டும். இந்தக் காலத்து லேப்டாப்பில் அது உள்ளே இருக்கும் மதர்போர்டோடு பற்றவைத்துத்தான் வருகிறது, அதை மட்டும் மாற்ற வழியில்லை. நீங்கள் செய்கிற வேலை இந்த மாட்டுக்கு மீறிப் போய்விட்டது என்று அர்த்தம்.

அடுத்தது கணக்கு. புது லேப்டாப் 48,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஆறு வருடம் ஓடினால் வருடத்துக்கு 8,000. அப்பா பாஷையில் பூவுக்கு நாலாயிரம். பழையதற்கு 5,500 ரூபாய் செலவு செய்து இரண்டு வருடம் ஓடும் என்றால் வருடத்துக்கு 2,750. யோசிக்கவே வேண்டாம், செலவு செய்யலாம். அதே லேப்டாப்புக்கு போர்டு வேலை 9,000 ஆகும், ஒரு வருடத்துக்கு மேல் நான் உத்தரவாதம் சொல்ல மாட்டேன் என்றால் அது புதியதை விட விலை கூடிய பழையது.

இந்தக் கணக்கை நான் போடாமல் விட்ட கதையையும் சொல்லத்தான் வேண்டும். பாளையங்கோட்டையில் ஒரு அம்மா, வீட்டில் இருந்தே வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்து கொடுப்பவர். 2022-ல் திரை மடங்கும் கீல் உடைந்து வந்தார். 2,200 ரூபாய். அப்புறம் கீபோர்டு, 1,800. அப்புறம் திரை மினுங்கியது, 4,800. கடைசியில் போர்டில் ஒரு சிப், 5,500. ஒவ்வொரு தடவையும் தொகை சின்னதாகத் தெரிந்தது. ஒவ்வொரு தடவையும் "இதோட சரியாயிரும் மைனி" என்று நான்தான் சொன்னேன். பதினோரு மாதத்தில் 14,300 ரூபாய். அதை விட மோசம், கடைசிப் பழுது ஜூலை மாதம் வந்தது. ஜூலை 31 கெடு. மூன்று நாள் அவர் சும்மா உட்கார்ந்திருந்தார். "போகட்டும் அண்ணாச்சி" என்றார். திட்டியிருந்தால் பரவாயில்லை.

அன்றிலிருந்து ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். யார் லேப்டாப் வந்தாலும் முந்தைய பன்னிரண்டு மாதத்தில் அதற்கு எவ்வளவு செலவானது என்று பார்த்து, அதையும் கூட்டித்தான் விலை சொல்கிறேன். அது நின்றால் எத்தனை நாள் கூலி போகும் என்றும் கேட்கிறேன். படம் பார்க்கிற லேப்டாப் நின்றால் ஒன்றும் இல்லை. சோறு போடுகிற லேப்டாப் வேறு. அதற்குப் பழுது வரும் என்று தெரிந்தாலே மாற்றிவிட வேண்டும், வரும் வரை காத்திருக்கக் கூடாது.

இனி விண்டோஸ் விஷயம். 2015-ல் வந்த விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்து வந்த ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. மறுநாள் காலையில் கடை வாசலில் நாலு பேர். "நின்னுருமா அண்ணாச்சி?" நிற்காது. ஓடிக்கொண்டுதான் இருக்கும், பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் வராது. பூட்டு இருக்கும், பூட்டில் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால் அடைக்க ஆள் வராது. வங்கி வேலை பார்க்கிறவர்கள் அதில் அசட்டையாக இருக்கக் கூடாது. வீட்டு உபயோகத்துக்கு இன்னும் ஒரு வருடம், 2026 அக்டோபர் 13 வரை, திருத்தங்கள் பெற வழி வைத்திருக்கிறார்கள். செட்டிங்ஸில் அப்டேட் பக்கத்தில் பதிவு செய்துகொள்ளலாம். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து அமைப்புகளை அதில் சேமிக்கச் சம்மதித்தால் பணம் கிடையாது.

சரி, விண்டோஸ் 11 ஏறுமா? உங்கள் பிராசசர் பெயரைப் பாருங்கள். இன்டெல் என்றால் ஐ3, ஐ5 என்பதற்குப் பிறகு ஒரு கோடு, அதையடுத்து நாலோ ஐந்தோ எண் இருக்கும். முதல் எண் எட்டோ ஒன்பதோ என்றால், அல்லது முதல் இரண்டு எண் பத்தோ அதற்கு மேலோ என்றால் பெரும்பாலும் ஏறும். முதல் எண் ஏழு என்றால் இல்லை. இதில் பலருக்கு வயிற்றெரிச்சல். 2019-ல் கடையில் புதிதாக வாங்கிய லேப்டாப்பில் ஐ3-7020யு என்று இருக்கும். வாங்கியது 2019, உள்ளே இருப்பது ஏழாம் தலைமுறை. பெட்டி புதுசு, மாடு பழசு.

ஏறாத லேப்டாப்பைக் குப்பையில் போட வேண்டியதில்லை. 2011-ல் தொடங்கிய அரசின் விலையில்லா லேப்டாப் திட்டத்தில் பிள்ளைகளுக்குக் கிடைத்த பெட்டிகள் இன்றைக்கும் சேரன்மகாதேவி, முக்கூடல் பக்கத்தில் இருந்து வருகின்றன. அவற்றில் விண்டோஸோடு பாஸ் என்ற லினக்ஸும் இருந்தது. லினக்ஸ் என்பது விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இன்னொரு இயங்குதளம். பாஸ், நம் சென்னையில் மத்திய அரசு நிறுவனமான சி-டாக் உருவாக்கியது. அதைத் திறந்து பார்த்த பிள்ளைகள் ரொம்பக் குறைவு, அது வேறு கதை. அப்படிப்பட்ட பெட்டியில் எஸ்.எஸ்.டி. போட்டு லினக்ஸ் மின்ட் என்ற இன்னொரு வகை லினக்ஸை ஏற்றிக் கொடுக்கிறேன். கடிதம் அடிக்க, யூடியூப் பார்க்க, பிள்ளைகள் பாடம் படிக்கத் தாராளமாகப் போதும். கடைக் கணக்கு எழுதும் டேலி மாதிரி விண்டோஸில் மட்டும் ஓடும் மென்பொருள் வேண்டும் என்பவர்களுக்கு இதைச் சொல்ல மாட்டேன். சொல்லிவிட்டு அவர்கள் மாதக் கடைசியில் படும் பாட்டைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

"கொஞ்சம் பொறுத்தா விலை குறையுமே" என்பவர்கள் ஒரு கூட்டம். 2025 செப்டம்பரில் ஜி.எஸ்.டி. குறைகிறது என்றதும் பத்துப் பேராவது காத்திருந்தார்கள். ஏசிக்கும் பெரிய டிவிக்கும் 28 சதவீதம் 18 ஆனது. லேப்டாப் முன்பே 18-ல்தான் இருந்தது, அங்கேயே நின்றது. இப்போது நிலைமை இன்னும் தலைகீழ். செயற்கை நுண்ணறிவுக்காக உலகம் முழுக்கப் பெரிய பெரிய டேட்டா சென்டர் கட்டுகிறார்கள். மெமரி சிப் செய்கிறவர்கள் அந்தப் பக்கம் திரும்பிவிட்டார்கள். நம் மாதிரிச் சில்லறை ஆட்களுக்கு க்ரூஷியல் என்ற பெயரில் ராம் விற்று வந்த மைக்ரான் நிறுவனம், அந்த வியாபாரத்தையே விடுவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. என் கடையில் எட்டு ஜிபி ராம் விலை சில மாதத்தில் இரண்டு மடங்குக்கு மேல் போய்விட்டது. புது லேப்டாப்பின் விலைக்குள்ளும் அந்த ராம் இருக்கிறது. ஆகவே இந்த வருடம் வாங்கியே தீர வேண்டியவர்கள் விலை இறங்கும் என்று காத்திருப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. அவசரம் இல்லாதவர்கள், பழையதை ஓட்டிக்கொள்ள முடிகிறவர்கள், சும்மா இருந்துவிடலாம். இரண்டுக்கும் நடுவில் ஆடிக்கொண்டு இருப்பதுதான் நஷ்டம்.

வாங்கினால் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். மெல்லிய லேப்டாப் பலவற்றில் ராம் போர்டோடு ஒட்டி வருகிறது. எட்டு ஜிபி என்றால் சாகும் வரை எட்டு ஜிபிதான். கூட்ட இடம் இருக்கிறதா என்று கேளுங்கள், இல்லை என்றால் பதினாறாக எடுங்கள். நிறம், கனம் எல்லாம் அப்புறம்.

காத்திருக்கவே கூடாத இடம் ஒன்று உண்டு. டச்பேட் மேலே எழும்பி நிற்கிறது, அடிப்பக்கம் புடைத்து மேசையில் ஆடுகிறது என்றால் உள்ளே பேட்டரி வீங்கியிருக்கிறது. நம் ஊர்ச் சித்திரை வெயிலில், தகரக் கொட்டகையில், மெத்தை மேல் வைத்து நாள் பூராவும் சார்ஜில் போட்டால் வீங்காமல் என்ன செய்யும்? உடனே சார்ஜரை எடுத்துவிட்டு அணைத்துவிடுங்கள். அமுக்கிப் பார்க்காதீர்கள், ஊசியால் குத்தாதீர்கள், குப்பை வண்டியில் போடாதீர்கள். லித்தியம் பேட்டரி தீப்பிடித்தால் சாமானியத்தில் அணையாது.

அப்புறம், முடிவு எதுவானாலும் உள்ளே இருக்கும் படங்களையும் கணக்குகளையும் இன்றைக்கே வேறு இடத்தில் நகல் எடுத்து வையுங்கள். 2023 டிசம்பர் 17, 18 மழையை யாரும் மறந்திருக்க மாட்டோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்தது. இங்கே ஜங்ஷனுக்குள்ளேயே ஆறு வந்தது. அடுத்த பத்து நாள் என் கடையில் சேறு வடியும் லேப்டாப்புகள். மகள் கல்யாணப் படம் மொத்தமும் இதிலதான் இருக்கு என்று ஒருவர் மேசையில் வைத்துவிட்டு என் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். நல்லவேளை, ஆன் செய்து பார்க்காமல் அப்படியே கொண்டுவந்திருந்தார். ஹார்ட் டிஸ்கைக் கழற்றிக் காயவைத்து முக்கால்வாசியை மீட்டுக் கொடுத்தேன். லேப்டாப் போனதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

என் கடை மேசையில் இருக்கிற லேப்டாப் 2014-ல் வாங்கியது. நாலாம் தலைமுறை ஐ3. பில் போடுவதற்கு மட்டும். எஸ்.எஸ்.டி. போட்டிருக்கிறேன், பேட்டரி இரண்டு தடவை மாறிவிட்டது, 'ள' எழுத்து உள்ள விசை மட்டும் கொஞ்சம் அழுத்திக் குத்த வேண்டும். வருகிற புரட்டாசியோடு விண்டோஸ் திருத்தமும் நின்றுவிடும். மின்ட் ஏற்றிக்கொள்ளலாம் என்று இருக்கிறேன். என் மகள் ஜூன் மாதம் கல்லூரியில் சேருகிறாள். "அப்பா, எனக்கு உங்க கடை ரிப்பேர் லேப்டாப் எதையும் தந்துராதீங்க" என்று இப்போதே சொல்லிவிட்டாள். அவளுக்குப் புதுசுதான். விலை விசாரித்துவிட்டேன், பதினாறு ஜிபி.

வணக்கம்.