இருமலும் ஏரும்
(சேலத்தில் நூலக வாசகர் வட்டக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தலைமை ஏற்றிருக்கும் வாசகர் வட்டத் தலைவர் ஐயா அவர்களே, முன்னிலை வகிக்கும் மாவட்ட நூலக அலுவலர் அவர்களே, கூட்டம் முடியும்வரை இருப்பதாக வாக்களித்து முதல் வரிசையில் அமர்ந்திருக்கும் மாமன்ற உறுப்பினர் அவர்களே, அம்மாப்பேட்டையிலிருந்தும் செவ்வாய்ப்பேட்டையிலிருந்தும் வந்திருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியப் பெருமக்களே, இருக்கை போதாமல் தரையில் அமர்ந்திருக்கும் மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம். பொன்னாடைக்குப் பதிலாகப் புத்தகம் தந்த வட்டச் செயலாளருக்குத் தனியே நன்றி சொல்ல வேண்டும். நூலகத்து விழாவில் துண்டு போர்த்துவது எனக்கு ஒருபோதும் உடன்பாடில்லாத வழக்கம்.

ஓ, யூ, ஜி, எச் என்னும் நான்கு எழுத்துகளும் சேர்ந்து வரும் ஆங்கிலச் சொற்கள் எப்படி ஒலிக்கின்றன, ஏன் அப்படி ஒலிக்கின்றன, அவற்றை நம் பிள்ளைகளுக்கு எந்த வரிசையில் கற்பிக்கலாம் என்னும் மூன்று செய்திகளைச் சொல்ல வந்திருக்கிறேன்.

'இருந்தாலும்' என்று பொருள்படும் 'தோ' என்னும் சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் நடுவே ஆர் எழுத்தை நுழைத்தால் 'த்ரூ', அதாவது 'வழியாக'. அந்த ஆருக்கு முன்னால் இன்னோர் ஓவைச் சேர்த்தால் 'தரோ', 'முழுமையான'. பழைய 'தோ'வின் கடைசியில் டி எழுத்தை ஒட்டினால் 'தாட்', 'எண்ணம்'. ஒன்றையும் ஒட்டாமல் முதலில் உள்ள எச்சை மட்டும் எடுத்துவிட்டால் 'டஃப்', 'கடினமான'. மரக்கிளை 'பௌ', பிசைந்த மாவு 'டோ', மாட்டுக்குத் தண்ணீர் காட்டும் தொட்டி 'ட்ராஃப்', வறட்சி 'ட்ரௌட்'. சேற்றுக்குழி 'ஸ்லௌ' என்றால், அதே எழுத்துகளை வைத்துக்கொண்டு பாம்பு சட்டை உரிப்பது 'ஸ்லஃப்'. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நம் பெரியவர்கள் சொன்னது இந்தக் குடும்பத்துக்கென்றே சொன்னதுபோல் இருக்கிறது.

நண்பர் ஒருவர் சொன்ன நிகழ்ச்சி இது. கன்னங்குறிச்சிப் பக்கம் ஒரு பள்ளி, பெயர் வேண்டாம். ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் காய்ச்சல், இருமல் என்று விடுப்புக் கடிதம் எழுதிக்கொண்டு போயிருக்கிறான். மூக்குக்கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டு வந்திருந்த ஆசிரியர், 'நீயே படிடா' என்றிருக்கிறார். அந்த வாரம்தான் ஏரைக் குறிக்கும் 'ப்ளௌ' என்னும் சொல்லைப் பாடத்தில் நடத்தியிருந்தார்கள். பையன் அதை மனத்தில் வைத்துக்கொண்டு, 'ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர் அண்ட் கௌ' என்று கணீரென்று வாசித்தான். ஆசிரியர் பதறிப்போய், 'மாடு முட்டிருச்சா? எங்கடா அடி?' என்று கேட்டார். இருமி இருமி நெஞ்சு வலித்துக்கொண்டிருந்த பையன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினான். நெஞ்சில் முட்டியதென்றால் சும்மா விடலாமா? தாயாரை அழைத்துவர ஆள் போயிற்று. பூக்கட்டிக்கொண்டிருந்த அந்த அம்மாவிடம், போன ஆள் 'உம் மவன மாடு முட்டிருச்சாம்' என்று சொல்ல, அவர் தெருவெல்லாம் கேட்க அழுதுகொண்டு ஓடிவந்தார். வந்தவர் மகன் முழுசாக நிற்பதைப் பார்த்துவிட்டு, 'ஐயா, எங்க வீட்ல ரெண்டு ஆடுதானுங்க இருக்குது, மாடே கிடையாதுங்களே' என்றார். அந்த நேரம் பார்த்துப் பையன் ஒரு முறை இருமினான். ஆசிரியருக்குக் கடிதம் முழுவதும் விளங்கிவிட்டது.

சிரித்துவிட்டோம், ஆனால் பையன் மீது என்ன குற்றம்? ஏருக்கு 'ப்ளௌ' என்றால் இருமலுக்கு 'கௌ' என்பதுதானே ஒழுங்கான கணக்கு? அது 'காஃப்' ஆனதற்குக் காரணம் பழைய ஆங்கிலத்தில் இருக்கிறது. ஜி, எச் சேர்ந்த இடத்தில் ஒருகாலத்தில் நம் ஆய்தத்தைப் போலத் தொண்டையை உராயும் ஒலி இருந்தது. ஜெர்மானியர் இரவைக் குறிக்கும் தம் சொல்லில் அதை இன்றும் ஒலிக்கிறார்கள். வில்லியம் காக்ஸ்டன் 1476இல் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் நிறுவிய பிறகு எழுத்து மெல்ல மெல்ல உறைந்தது, நாக்கோ உறையவில்லை. உராயும் ஒலி சில சொற்களில் அடியோடு மறைந்தது, சிலவற்றில் 'ஃப்' ஆயிற்று, நெடில் உயிர்களும் இடம்மாறின. அச்சில் ஏறிய எழுத்து மட்டும் நின்றது. அமெரிக்காவில் நோவா வெப்ஸ்டர் தம் 1828ஆம் ஆண்டு அகராதியில் ஏரைப் பி, எல், ஓ, டபிள்யூ என்று நான்கே எழுத்தில் முடித்துக்கொண்டார். விக்கலின் கதை இன்னும் வேடிக்கை: 'ஹிக்கப்' என்று இருந்த சொல்லை இருமலுக்கு உறவென்று தவறாக எண்ணி யாரோ இந்த நான்கெழுத்தை அதன் வாலில் கட்டினார்கள், எழுத்து மாறியும் ஒலி 'ஹிக்கப்' என்றே நிற்கிறது.

கடைசியில் டி வரும் சொற்கள் ஓரளவு நல்ல பிள்ளைகள். வாங்கினான் 'பாட்', கொண்டுவந்தான் 'ப்ராட்', தேடினான் 'ஸாட்', சண்டையிட்டான் 'ஃபாட்' என்று பெரும்பாலும் இறந்தகால வினைகள். 'ராட் அயர்ன்' என்பதிலுள்ள 'ராட்' கூட 'வொர்க்' என்பதன் பழைய இறந்தகால வடிவம்தான். அடித்து உருவாக்கிய இரும்பு என்று பொருள். கஞ்சமலை இரும்பைப் பார்த்து வளர்ந்த ஊருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வறட்சி மட்டும் 'ட்ரௌட்' என்று தனிவழி போகிறது.

இவற்றைக் கண்ணால் மட்டும் கற்க முடியாது, காதாலும் கற்க வேண்டும். ஆங்கிலம் புழங்கும் வீட்டுப் பிள்ளைக்குச் சாப்பாட்டுப் பலகையிலேயே இது கிடைத்துவிடும். கொலுசுப் பட்டறையிலும் தறிக்கூடத்திலும் வேலை செய்பவரின் பிள்ளைக்குப் பாடப்புத்தகம் ஒன்றே வழி. ஏட்டுச் சுரைக்காய்தான் அவன் தட்டில் விழுகிறது. ஆகையால்தான், மாவட்ட நூலக அலுவலர் அவர்களே, ஒவ்வொரு கிளை நூலகத்திலும் மாலையில் ஒரு மணி நேரம் உரக்க வாசிக்கும் நேரமாக வேண்டும் என்று போகிற மேடையிலெல்லாம் கேட்டுவருகிறேன். 1948ஆம் ஆண்டுப் பொது நூலகச் சட்டம் நம்முடையது. சொத்து வரியோடு நூலக வரியையும் நாம்தான் கட்டுகிறோம். 'அமைதி காக்கவும்' என்னும் பலகையை எடுக்கச் சொல்லவில்லை. ஓர் அறையை மட்டும் ஒதுக்கித் தாருங்கள். ஆங்கிலம்–தமிழ் அகராதி பூட்டிய அலமாரியில் இல்லாமல் மேசைமேல் இருக்கட்டும். வாசித்துக் காட்ட இங்கிருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் வருவார்கள். கை தூக்குங்கள் ஐயா, அலுவலர் பார்க்கட்டும்.

கற்பிக்கும் வரிசை என்னும் மூன்றாவது செய்திக்குள் நுழைவதற்குள் தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டார்; அதை அந்த மாலை வகுப்பிலேயே பேசிக்கொள்வோம். உரக்க வாசிக்கும் நேரம் கேட்கும் மனுவின் படிகள் வாயிலருகே இருக்கின்றன. கையெழுத்தோடு வார்டு எண்ணையும் உங்கள் பகுதிக் கிளை நூலகத்தின் பெயரையும் எழுதிவிட்டுச் செல்லுங்கள். மாமன்ற உறுப்பினர் அவர்கள் முதல் கையெழுத்தைப் போட்டுத் தொடங்கிவைப்பார்கள்.