கனடா பி.ஆர் மெடிக்கல்: ஃபைல் எங்க நின்னு போகுது, ஏன்?

[திரையில்: நெஞ்சு எக்ஸ்ரே ஒன்று. வலது நுரையீரலின் உச்சி மெல்லப் பெரிதாகிறது.]

இந்த எக்ஸ்ரேயைப் பாருங்க. காறை எலும்புக்குப் பக்கத்துல, நுரையீரலோட உச்சியில ஒரு மங்கலான நிழல் தெரியுது. பழைய காசநோய் தழும்பும் பல நேரம் இதே இடத்துலதான் இருக்கும். ஆனா இது தழும்பு இல்ல. படம் எடுக்கிறப்ப தோள் வழியா முன்னால தொங்கிட்டிருந்த சடை.

எக்ஸ்ரே எடுக்கிறவர் கவனிச்சிட்டா, சடையை உச்சியில சுருட்டிக் கட்டச் சொல்லி அஞ்சு நிமிஷத்துல இன்னொரு படம் எடுத்துடுவார். கவனிக்காம ரிப்போர்ட் "சந்தேகம்"னு போயிட்டா, அடுத்தது சளிப் பரிசோதனை. அதுக்கு ரெண்டு மாசம் கூட ஆகும். நல்ல ஆரோக்கியமா இருக்கிறவங்களோட பி.ஆர், அதாவது நிரந்தர வசிப்புரிமை ஃபைலும் இப்படிச் சின்ன விஷயத்துல நின்னுடும். அந்த மாதிரி இடங்களைத்தான் இந்த வீடியோவுல பாக்கப் போறோம்.

[திரையில்: யாரிடம் போகணும்?]

கனடா குடிவரவுத் துறை, அதாவது ஐ.ஆர்.சி.சி, ஒவ்வொரு நாட்டுலயும் சில டாக்டர்களை அங்கீகரிச்சு வச்சிருக்கு. பேனல் பிசிஷியன்னு பேர். உங்க குடும்ப டாக்டர் எவ்வளவு பெரிய ஆளா இருந்தாலும் அவர் கொடுக்கிற சர்டிஃபிகேட் செல்லாது. சென்னையில, கொழும்புல இருக்கிறவங்களுக்கு அங்கேயே பேனல் டாக்டர்கள் உண்டு. பட்டியல் மாறிக்கிட்டே இருக்கும். அதனால போன வருஷம் போயிட்டு வந்தவர் கொடுத்த நம்பரை நம்பாம, ஐ.ஆர்.சி.சி தளத்துல அன்னைக்கு என்ன இருக்குன்னு பாத்து புக் பண்ணுங்க.

கட்டணத்தை அந்தந்த கிளினிக்கே வைக்குது, எல்லா இடத்துலயும் ஒண்ணா இருக்காது. போன்ல கேக்கிறப்ப, "எக்ஸ்ரே, ரத்தம், சிறுநீர் எல்லாம் இதுல அடக்கமா?"ன்னு சேத்தே கேளுங்க. பி.ஆர் மறுக்கப்பட்டாலும் இந்தப் பணம் திரும்பி வராது.

[திரையில்: எப்போ போகணும்? இடப்பக்கம் எக்ஸ்பிரஸ் என்ட்ரி, வலப்பக்கம் மற்றவை.]

இங்கதான் பழைய வீடியோக்களைப் பாத்து நிறைய பேர் தடுமாறுறாங்க. 2025 ஆகஸ்ட் 21 வரைக்கும் எக்ஸ்பிரஸ் என்ட்ரிக்காரங்க, அதாவது படிப்பு, வேலை அனுபவத்துக்குப் புள்ளி போட்டுத் தேர்ந்தெடுக்கிற முறையில வர்றவங்க, விண்ணப்பம் போட்டுட்டு, மெடிக்கலுக்குப் போங்கன்னு கடிதம் வர்ற வரைக்கும் காத்திருப்பாங்க. அந்தத் தேதியிலிருந்து முறை மாறிடுச்சு. மெடிக்கலை முடிச்சு, அதுக்கான சான்றையும் சேத்துத்தான் விண்ணப்பமே போடணும். அழைப்பு, அதாவது ஐ.டி.ஏ வந்த நாளிலிருந்து கையில இருக்கிறது 60 நாள். போலீஸ் சான்றிதழ், வேலை அனுபவக் கடிதம், வங்கிக் கணக்கு விவரம் எல்லாம் இதே 60 நாளுக்குள்ளதான் வரணும். அதனால ஐ.டி.ஏ வந்த வாரமே மெடிக்கலுக்கு நாள் வாங்கிடுங்க. கடைசி வாரத்துல போய் நின்னா, கிளினிக்ல இடம் கிடைக்காமலே தேதி போயிடும்.

கணவனோ மனைவியோ ஸ்பான்சர் பண்றாங்க, பிள்ளைங்க அப்பா அம்மாவைக் கூப்பிடுறாங்கன்னா கதை வேற. கடிதம் வரட்டும். அதுல உங்க பேர்ல ஒரு மெடிக்கல் படிவமும் வரும், ஐ.எம்.எம் 1017. கடிதம் வந்ததிலிருந்து 30 நாளுக்குள்ள போகணும். முன்கூட்டியே முடிச்சிடலாம்னு சிலர் அவசரப்படுவாங்க. வேண்டாம். மெடிக்கல் செல்லுபடியாகிறது 12 மாசம்தான், அதுவும் பரிசோதனை நடந்த நாளிலிருந்து. ஃபைல் அதைத் தாண்டி இழுத்தா, திரும்பவும் முதல்ல இருந்து, திரும்பவும் காசு.

ஏற்கெனவே கனடாவுல படிக்கிறவங்க, வேலை பாக்கிறவங்க ஒண்ணு கவனிங்க. கடந்த 5 வருஷத்துக்குள்ள மெடிக்கல் முடிச்சு, அதுல பிரச்சனை எதுவும் இல்லாம இருந்தா, அந்த மெடிக்கலுக்குக் கொடுத்த எண்ணை, அதாவது பழைய ஐ.எம்.இ எண்ணைக் கொடுத்தாலே போதும்னு ஒரு தற்காலிக விலக்கு இருக்கு. கனடாவுக்குள்ள இருக்கிறவங்களுக்கு மட்டும்தான். காசு கட்டுறதுக்கு முன்னாடி அந்தப் பழைய தாளைத் தேடிப் பாருங்க.

[திரையில்: பாஸ்போர்ட்டின் முதல் பக்கம். குடும்பப் பெயர் கட்டம் காலி.]

கையில என்ன கொண்டு போகணும்? முதல்ல பாஸ்போர்ட். விண்ணப்பத்துல எந்த பாஸ்போர்ட் நம்பர் போடப் போறீங்களோ, அதே பாஸ்போர்ட். மெடிக்கலுக்கும் விண்ணப்பத்துக்கும் நடுவுல புதுப்பிச்சா நம்பர் மாறிடும், ரெண்டையும் இணைக்கிறதுல சிக்கல் வரும்.

அடுத்தது, நம்ம ஆளுங்களுக்கே உள்ள தொல்லை. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. நிறைய பேருக்கு பாஸ்போர்ட்ல அந்தக் கட்டமே காலியா இருக்கும். ஐ.ஆர்.சி.சி விதிப்படி அப்படி இருந்தா, முழுப் பெயரையும் குடும்பப் பெயர் கட்டத்துல போட்டு, மற்ற கட்டத்தைக் காலியா விடணும். கிளினிக்ல அப்பா பேரைப் பிரிச்சு ஒரு மாதிரி, விண்ணப்பத்துல நீங்க இன்னொரு மாதிரி எழுதினா ரெண்டும் ஒரே ஆள்தானான்னு சந்தேகம் வரும். பதிவு பண்றப்ப திரையைக் காட்டச் சொல்லி, எழுத்தெழுத்தா சரிபாருங்க. கிளம்புற முன்னாடி கொடுக்கிற தாள்ல உங்க போட்டோவும் ஐ.எம்.இ எண்ணும் இருக்கும். எக்ஸ்பிரஸ் என்ட்ரியில சான்றா ஏத்த வேண்டியது அந்தத் தாளைத்தான்.

இன்னும் மூணு: கண்ணாடி அல்லது லென்ஸ், சாப்பிடுற மாத்திரைகளோட பட்டியல், பழைய நோய் ஏதாவது இருந்தா அதோட ரிப்போர்ட். சர்க்கரை உள்ளவங்க சமீபத்துல எடுத்த மூணு மாச சராசரி ரிப்போர்ட்டைக் கொண்டு போனா ஒரு அலைச்சல் மிச்சம். அமெரிக்காவுல இருக்கிற சொந்தக்காரங்க "தடுப்பூசி எல்லாம் போட்டுட்டியா?"ன்னு கேப்பாங்க. அது அமெரிக்க கிரீன் கார்டுக்கு உள்ள விதி. கனடா பி.ஆர் மெடிக்கலுக்குத் தடுப்பூசி கட்டாயம் இல்ல.

[திரையில்: 5 வயது முதல் சிறுநீர். 11 வயது முதல் நெஞ்சு எக்ஸ்ரே. 15 வயது முதல் ரத்தம்.]

உள்ள என்ன நடக்கும்? உயரம், எடை, பிரஷர், கண், காது, நெஞ்சு, வயிறு, கை கால், தோல் பாப்பாங்க. அந்தரங்க உறுப்புகளைப் பரிசோதிக்க வேண்டிய அவசியமே இல்ல. பரிசோதனையப்போ கூட இன்னொருத்தர் இருக்கணும்னு கேக்கிற உரிமையும் உங்களுக்கு உண்டு. ரத்தத்துல எச்.ஐ.வி, சிபிலிஸ், சிறுநீரக வேலையைக் காட்டுற கிரியாட்டினின். இதுக்கெல்லாம் வெறும் வயிறு தேவையில்ல. பட்டினியோட போய் மயக்கம் போட்டு உக்காராதீங்க.

சிறுநீர்ல மூணு பாப்பாங்க: புரதம், சர்க்கரை, ரத்தம். மாதவிடாய் நாட்கள்ல கொடுத்தா ரத்தம் காட்டும், திரும்ப வரச் சொல்லுவாங்க. அந்த நாட்களைத் தள்ளி புக் பண்ணுங்க, முடியலன்னா முன்னாடியே சொல்லிடுங்க. முதல் நாள் ஜிம்ல கடுமையா உடற்பயிற்சி செஞ்சிருந்தா புரதம் காட்டலாம். கிரியாட்டின் பவுடர் எடுக்கிறவங்களுக்கு ரத்தத்துல கிரியாட்டினின் அளவு ஏறித் தெரியலாம்.

இன்னொண்ணு, பலருக்குத் தெரியாதது. டபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின்னு சர்க்கரை மாத்திரைகள் இப்ப நிறைய எழுதுறாங்க. அந்த மாத்திரையோட வேலையே சர்க்கரையைச் சிறுநீர் வழியா வெளியேத்துறதுதான். ரத்தத்துல சர்க்கரை கட்டுக்குள்ள இருந்தாலும் சிறுநீர்ல கொட்டிக் கிடக்கும். "எனக்குச் சர்க்கரை இல்ல"ன்னு படிவத்துல எழுதிட்டு இந்த மாத்திரையை முழுங்கிட்டு வந்தீங்கன்னா, அங்கேயே வெளிச்சத்துக்கு வந்துடும். கட்டுப்பாட்டுல இருக்கிற சர்க்கரையோ பிரஷரோ மட்டும் வச்சு யாரையும் நிறுத்துறது வழக்கமில்ல. ஆனா மறைச்சது தவறான தகவல்னு முடிவானா 5 வருஷத் தடை.

[திரையில்: மீண்டும் எக்ஸ்ரே. நுரையீரலின் மேல் பகுதியில் வட்டம்.]

இப்ப எக்ஸ்ரேக்கு வருவோம். தேடுறது முக்கியமா காசநோயை. சடையைச் சொன்னோம். தாலிச் சங்கிலி, தாயத்து, உள்ளாடையோட கொக்கி, சட்டை பட்டன் எல்லாம் படத்துல விழும். தாலியைக் கழட்ட மனசு வரலன்னா, கழுத்துல இருந்து விலக்கி எங்க வச்சா நுரையீரல் மேல விழாதுன்னு எக்ஸ்ரே எடுக்கிறவர்கிட்டயே கேளுங்க. சும்மா சேலைக்குள்ள தள்ளி விடுறதுல பிரயோஜனம் இல்ல. "மூச்சை இழுத்துப் பிடிங்க"ன்னா நல்லா இழுத்துப் பிடிங்க. பாதி மூச்சுல எடுத்த படத்துல நுரையீரல் சுருங்கி, அடிப்பக்கம் வெள்ளையாத் தெரியும்.

நிஜமாவே தழும்பு இருந்தா? சின்ன வயசுல டி.பி வந்து குணமானவங்க பழைய எக்ஸ்ரே, சிகிச்சை முடிச்ச சான்று ரெண்டையும் கொண்டு போங்க. சந்தேகம் தீரலன்னா சளி கேப்பாங்க. ஒரு நாளைக்கு ஒண்ணுன்னு மூணு மாதிரி. கண்ணாடித் தகட்டுல பாக்கிற முடிவு சீக்கிரம் வந்துடும். ஆனா கிருமி வளருதான்னு பாக்கிற கல்ச்சருக்கு 8 வாரம் வரைக்கும் ஆகும். டி.பி கிருமி அவ்வளவு மெதுவா வளரும், பணம் கூடக் கொடுத்தாலும் வேகமா வளராது. காலையில எழுந்ததும் வர்ற சளியைக் கொடுங்க. எச்சிலைத் துப்பிக் கொடுத்தா மாதிரி செல்லாது.

டி.பி இருக்குன்னே உறுதியானாலும் கதவு மூடிடாது. சிகிச்சை முடிச்சு, தொற்று இல்லன்னு காட்டினதும் ஃபைல் நகரும். சிபிலிஸும் அப்படித்தான், ஊசி போட்டு சிகிச்சைக்கான சான்று கொடுக்கணும். கர்ப்பமா இருக்கிறவங்க எக்ஸ்ரேயைப் பிரசவத்துக்கு அப்புறம் தள்ளி வைக்கக் கேக்கலாம். அதுவரைக்கும் ஃபைலும் நிக்கும். குழந்தை பிறந்ததும் அதுவும் விண்ணப்பத்துல சேரணும், அதுக்கும் மெடிக்கல் உண்டு.

[திரையில்: 2025 வரம்பு: ஆண்டுக்கு 27,162 கனடா டாலர். 5 ஆண்டுக்கு 1,35,810.]

தொற்று இல்லாத நோய்களுக்குக் கனடா போடுறது வேற கணக்கு. உங்க சிகிச்சைக்கு அரசாங்கத்துக்கு எவ்வளவு செலவாகும்? அது ஒரு வரம்பைத் தாண்டினா மறுக்கலாம். 2018 ஜூன்ல இந்த வரம்பை மூணு மடங்கு ஆக்கினாங்க, சிறப்புக் கல்விச் செலவையும் கணக்குல இருந்து எடுத்துட்டாங்க. வரம்பு வருஷா வருஷம் மாறும். டயாலிசிஸ் மாதிரி சிகிச்சை இதைத் தாண்டிடும். எச்.ஐ.வி இருக்குங்கிறதுக்காக மட்டும் மறுக்க மாட்டாங்க, மருந்துச் செலவு வரம்புக்குள்ள இருக்கான்னுதான் பாப்பாங்க.

ஸ்பான்சர் பண்றவரோட கணவன், மனைவி, சார்ந்திருக்கிற பிள்ளைகளுக்கும், அகதிகளுக்கும் இந்தச் செலவுக் கணக்கு கிடையாது. அப்பா அம்மாவுக்கு உண்டு. வயசான பெற்றோரைக் கூப்பிடுற குடும்பங்கள்ல இது பெருசா கடிக்கும். வரம்பைத் தாண்டுதுன்னு நினைச்சா உடனே மறுக்க மாட்டாங்க, முதல்ல விளக்கம் கேட்டுக் கடிதம் அனுப்புவாங்க. பதில்ல "அம்மா நல்லா இருக்காங்க"ன்னு உருகி எழுதிப் பிரயோஜனம் இல்ல. இப்ப எடுக்கிற மருந்து என்ன, அதோட விலை என்ன, மலிவான மாற்று உண்டா, யார் கட்டப் போறாங்கன்னு சிறப்பு டாக்டரோட கடிதத்தோட கணக்குக் காட்டணும். ஆனா டாக்டர், ஆஸ்பத்திரி செலவை நானே கட்டிக்கிறேன்னு சொன்னா எடுபடாது. அது அரசுக் காப்பீட்டுக்குள்ள வர்றதால, அந்தக் காப்பீட்டுல இருந்து விலகி நீங்களே கட்ட வழியே கிடையாது.

[திரையில்: கூட வராத குடும்பத்தினர்.]

கனடாவுக்கு உங்ககூட வராத மனைவிக்கும், 22 வயசுக்குக் கீழ உள்ள கல்யாணமாகாத பிள்ளைக்கும் கூட மெடிக்கல் வேணும். விவாகரத்தாகி குழந்தை இன்னொருத்தர்கிட்ட வளர்ந்தாலும் சரி. "அவன் இப்ப வரலையே"ன்னு பேரையே விட்டுட்டா, பின்னாடி அவனை ஸ்பான்சர் பண்ற வழி அடைபட்டுப் போகும்.

[திரையில்: ஐ.எம்.எம் 0535.]

டாக்டர் முடிவைக் கையில கொடுக்க மாட்டார், நேரா ஐ.ஆர்.சி.சிக்கு அனுப்பிடுவார். பாஸா இல்லையான்னு சொல்றது அவங்கதான். பிரதி வேணும்னா கிளினிக்ல கேட்டு வாங்கிக்கலாம். பி.ஆர் உறுதிக் கடிதம் வந்ததும் முதல்ல கடைசித் தேதியைப் பாருங்க. பெரும்பாலும் அது மெடிக்கலோ பாஸ்போர்ட்டோ முடியுற நாளை ஒட்டித்தான் இருக்கும்.

பழைய டி.பி தழும்பு இருந்தவங்களுக்கு அதோட ஐ.எம்.எம் 0535னு ஒரு தாளும் வரலாம். மருத்துவக் கண்காணிப்புக்கான தாள் அது. சாதாரணமா கனடாவுல இறங்கின 30 நாளுக்குள்ள, சிக்கலான கேஸ்னா 7 நாளுக்குள்ள, அந்த மாகாணப் பொதுச் சுகாதார அலுவலகத்தைத் தொடர்பு கொள்ளணும். ஸ்கார்பரோவுல சித்தப்பா வீட்டு முகவரியைக் கொடுத்துட்டு, மூணாவது வாரம் பிராம்ப்டன்ல வீடு பாத்துப் போயிட்டீங்கன்னா, அவங்க அனுப்புற கடிதம் சித்தப்பா வீட்டுலயே கிடக்கும். வீடு மாறின அன்னைக்கே புது முகவரியையும் போன் நம்பரையும் அவங்ககிட்ட சொல்லிடுங்க.