ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு

(காங்கயம் பக்கம் நடந்த உழவர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

தலைமை ஏற்றிருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயா அவர்களே, எனக்கு முன்பு பேசி என் நேரத்தில் பாதியை அன்போடு எடுத்துக்கொண்ட கூட்டுறவுச் சங்கத் தலைவர் அவர்களே, பொன்னாடை போர்த்திய ஊராட்சி மன்றத் தலைவர் அம்மையார் அவர்களே, பந்தல் போட்ட தம்பிமார்களே, பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

மூன்று செய்திகள் சொல்ல வந்தேன். மின்சாரத்துக்கு மடை வைப்பது எப்படி என்பது ஒன்று. ஆடிக் காற்றில் பொங்கும் காற்றாலை மின்சாரத்தை என்ன செய்வது என்பது இரண்டு. நம் தோட்டத்து மின்கோபுரம் மூன்று.

வாய்க்கால் தண்ணீரை நாம் முறை வைத்துப் பாய்ச்சுகிறோம். மாறுமின்சாரத்துக்கு, அதாவது நம் வீட்டுக்கு வரும் ஏசி மின்சாரத்துக்கு, அந்த முறையெல்லாம் தெரியாது. இரண்டு துணை மின் நிலையங்களுக்கு நடுவே இரண்டு லைன் போனால், மின்னோட்டத்தைத் தடுக்கும் மறுப்பு குறைந்த லைனில் அதிகமாகவும் மற்றதில் குறைவாகவும் தானே பிரிந்து ஓடும். முதல் லைன் நிரம்பிவிட்டால், இரண்டாவதில் பாதி இடம் காலியாகக் கிடந்தாலும் கூடுதலாக அனுப்ப முடியாது.

"ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு" என்று எங்கள் அப்பாரு ஓயாமல் சொல்வார். சொன்னவர் தாமே ஒருமுறை அளக்க மறந்தார். அந்தக் காலத்தில் மும்முனை மின்சாரம் சில மணி நேரம்தான் வரும். மற்ற நேரம் இருமுனை. தக்காளி வாடுகிறது. ஊரெல்லாம் கன்டென்சர் என்ற மின்தேக்கியைப் போட்டு இருமுனையிலேயே மோட்டார் ஓட்டுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, அப்பாருவும் கடைவீதியில் ஒன்றுக்கு நான்காக வாங்கி வந்து மாட்டினார். மோட்டார் உறுமிக்கொண்டு எழுந்தது, தண்ணீரும் கொட்டியது. அப்பத்தாளைக் கூப்பிட்டுக் காட்டினார். பக்கத்துத் தோட்டத்துக்காரரையும் கூப்பிட்டார். அவர் வேலி தாண்டி வருவதற்குள் மோட்டார் அறையிலிருந்து புகை! கருகிய வார்னிஷ் நாற்றம் மூன்று நாள் போகவில்லை. காயில் கட்டுகிறவர் மோட்டாரைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "கன்டென்சர் மேல் தப்பில்லைங்க, நீங்கள் போட்ட அளவுதான் தப்பு" என்றார். அப்பத்தாள் அன்றைக்குத்தான் அந்தப் பழமொழியை அப்பாருவிடமே திருப்பிச் சொன்னாள்.

உயரழுத்த லைனில் வைப்பதும் அதே கன்டென்சர்தான், உருவம்தான் யானை. லைனோடு வரிசையாகச் சேர்த்தால் லைனின் மறுப்பில் ஒரு பங்கு கழிந்து, நெடுந்தூர லைன் குறுந்தூர லைனைப் போல நடந்துகொள்ளும். எவ்வளவு கழிப்பது என்பதைத் தைரிஸ்டர் என்ற சிலிக்கான் சுவிட்சு நொடிக்கு 100 முறை அளந்து விடுகிறது. தேய்வதற்கு அதில் நகரும் பாகமே கிடையாது. இந்த வகைக் கருவிகளுக்கு 1988-இல் 'ஃபேக்ட்ஸ்', அதாவது வளைந்துகொடுக்கும் மாறுமின் செலுத்தல் முறை, என்று பெயர் சூட்டியவர் பரோடாவில் படித்த நரேன் ஹிங்கோரானி. இதே குடும்பத்தைச் சேர்ந்த ஸ்டாட்காம், நம் உடுமலையில் மின்னழுத்தம் சரியாமல் தாங்கிப் பிடிக்கிறது.

புகளூர் பெயர் தாங்கிய நிலையத்துக்கு வருகிறேன். சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து 800 கிலோவோல்ட் நேர்மின்சாரமாக, அதாவது ஒரே திசையில் ஓடும் டிசியாக, 6,000 மெகாவாட் வரை அங்கே வந்து இறங்கும். நேர்மின்சாரத்தில் இவ்வளவு வேண்டும் என்று கட்டளையிட்டால் அவ்வளவே வரும். அங்கிருந்து திருச்சூருக்கு 2,000 மெகாவாட் போகும் வழியில், கேரளத்துக்குள் ஒரு பகுதியை மண்ணுக்கடியில் கேபிளாகக் கொண்டுபோயிருக்கிறார்கள். மாறுமின்சாரக் கேபிளை நெடுந்தூரம் புதைத்தால் கேபிளே மின்னோட்டத்தைக் குடித்துவிடும். நேர்மின்சாரத்துக்கு அந்தத் தொல்லை இல்லை. அங்கே புதைக்க முடிந்தது இங்கே ஏன் முடியவில்லை? செலவு என்பார்கள். யாருடைய செலவு? 400 கிலோவோல்ட் லைன் என்றால் 46 மீட்டர் அகலத்துக்கு வழி விட வேண்டும். அதற்குள் தென்னை வைக்க முடியாது. 1885-ஆம் ஆண்டுத் தந்திச் சட்டத்தைக் காட்டி நம் நிலத்தில் கோபுரம் நட்டார்கள்.

கம்பி சூடாகும் எல்லை என்று ஒன்று உண்டு, அதைத் தாண்டிக் கன்டென்சரும் உதவாது; அதை மறைத்துப் பேசினால் நம்மை யாரும் மதிக்க மாட்டார்கள். ஆனால் இருக்கிற லைன் நிரம்பிவிட்டதா, அதில் இந்தக் கருவியை வைத்துப் பார்த்தீர்களா என்று கணக்குக் காட்டிய பிறகே புதுக் கோபுரத்துக்குக் குழி தோண்ட வேண்டும். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்றால், ஆறு அல்ல ஐயா இது, நம் வயல்!

காற்றாலையைப் பற்றிப் பேசத் தலைவர் விடமாட்டார், மணியைக் கையில் எடுத்துவிட்டார். மனு வாசல் மேசையில் இருக்கிறது. பட்டா எண்ணைத் தெளிவாக எழுதுங்கள். போன முறை கால்வாசித் தாளைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பேனாவை நூலில் கட்டி வைத்திருக்கிறோம், அவிழ்த்துக்கொண்டு போய்விடாதீர்கள்.