கல்லறைத் தோட்டத்தில் கல்யாணம்! காலராவை விரட்ட யூதர்கள் செய்தது என்ன?

(திரையில்: கல்லறை வரிசைகளுக்கு நடுவே, நான்கு கம்பு நட்டுக் கட்டிய துணிப் பந்தல்)

வணக்கம் நண்பர்களே! ஊரில் காலரா. தினமும் சாவு. புதைகுழி மண் இன்னும் காயவில்லை. அந்தக் கல்லறைத் தோட்டத்திலேயே பிடில் வாசிக்க ஒரு கல்யாணம் நடக்கிறது. ஊரே திரண்டு நிற்கிறது. கட்டுக்கதை இல்லை. 19-ம் நூற்றாண்டில் கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் நிஜமாகவே செய்தது. இத்திஷ் மொழியில் இதற்கு 'ஷ்வார்ட்ஸே கஸெனே' என்று பெயர். கறுப்புக் கல்யாணம்!

பின்னணியை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன்: 1830 வாக்கில் ஐரோப்பாவுக்குள் வந்த காலரா அப்புறம் அலை அலையாகத் திரும்பி வந்தது, அது தண்ணீரில் பரவுகிறது என்று லண்டனில் ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் காட்டியதே 1854-ல்தான்.

சரி, கல்யாணத்துக்கு வருவோம். பெண், மாப்பிள்ளை யார் தெரியுமா? ஊரிலேயே நாதியற்றவர்கள். அப்பா அம்மா இல்லாதவர், பிச்சை எடுப்பவர், நடக்க முடியாதவர். துணிமணி, விருந்து, குடித்தனம் வைக்கச் சாமான் எல்லாம் ஊர்ச் செலவு. அனாதைக்குக் கல்யாணம் செய்துவைப்பது யூதர்களுக்குப் பெரிய புண்ணியம். அதை இறந்தவர்கள் கண்ணெதிரே செய்தால், அவர்கள் கடவுளிடம் நமக்காகப் பரிந்து பேசுவார்கள் என்று நம்பினார்கள். 1918 ஃப்ளூவின்போது ஃபிலடெல்ஃபியாவிலும் கனடாவின் வினிபெக்கிலும் நடந்தது. ஏன், 2020 மார்ச்சில் இஸ்ரேலின் பினே பிராக்கிலும்!

எனக்கு அந்தப் பெண்ணைத் தாண்டிப் போக மனசு வரவில்லை. கல்யாணம் ஆயிரங்காலத்துப் பயிர் என்கிறோம். ஊரே கூடி முடிவு செய்த பிறகு, வேண்டாம் என்று அவளால் சொல்லியிருக்க முடியுமா? ஆனால் சீர் செய்ய ஆளில்லாத ஒருத்திக்கு, அன்றைக்கு ஊரே தாய்வீடாக வந்து நின்றதும் உண்மை. நீங்கள் அவள் இடத்தில் இருந்தால்? கமெண்டில் சொல்லுங்கள்.

இதை மட்டும் பார்த்துவிட்டு மூடநம்பிக்கை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். 1831-ல் போசன் நகரில், அதாவது இன்றைய போலந்தின் போஸ்னானில், காலரா வந்தபோது ரபி, அதாவது யூத மதகுரு, அகிவா எகர் செய்தது நேர் எதிர். ஜெப ஆலயத்தில் நெருக்கியடிக்கக் கூடாது. ஒரு தடவைக்கு 15 பேர், அவர்கள் போனதும் அடுத்த 15. கூட்டம் சேராமல் பார்க்கப் போலீஸையே நிறுத்தலாம் என்றார். யூதர்களின் கூட்டுத் தொழுகைக்கு 10 ஆண்கள் இருந்தே ஆக வேண்டும். அதற்கு மேல் ஐந்தே ஐந்து பேருக்குத்தான் இடம் விட்டிருக்கிறார், கவனித்தீர்களா? அப்போது போசனை ஆண்ட பிரஷ்ய மன்னரிடமிருந்து அவருக்குப் பாராட்டுக் கடிதமே வந்தது!

1848-ல் வில்னாவில், அதாவது இன்றைய லிதுவேனியாவின் வில்னியஸில், காலரா வந்தபோது ரபி இஸ்ரவேல் சலான்டர், யூதர்களின் மிகப் புனிதமான நாளான யோம் கிப்பூர் உபவாசத்தன்றே சாப்பிட அனுமதி கொடுத்தார்.

இன்னும் பின்னால் போனால் 1656, ரோம், பிளேக். ஜெப ஆலயங்கள் மூடிக் கிடந்தன. ஜேக்கப் சகலோன் என்ற மருத்துவர் ஒரு வீட்டு ஜன்னலில் நின்று, தெருவில் நின்றவர்களுக்குப் பிரசங்கம் செய்தார். அடுத்த வீடியோ அவரைப் பற்றித்தான். பெல் பட்டனை அழுத்தி வையுங்கள்.